பன்றி குடித்த கஷாயம்

யாயாவுக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. ஈரத்துணி போட்டுப் பார்த்தாயிற்று, மருத்துவமனையில் கொடுத்த சிவப்பு மருந்தையும் ஊற்றியாயிற்று. கொஞ்ச நேரம் பிள்ளைக்கு வேர்க்கும், அம்மா சூச்சின் அப்பாடா என்று மூச்சு விடுவாள். அவள் விட்ட மூச்சு அடங்குவதற்குள் நெற்றி மறுபடி கொதிக்கும். எட்டு வயதுப் பெண், தூக்கத்தில்கூட வாய் ஓயாதவள். இப்போது பேர் சொல்லிக் கூப்பிட்டால் "ம்" போடுவதற்கே யோசித்தாள்.

மலைக்கு இந்தப் பக்கம் எந்த ஊரைக் கேட்டாலும் அந்தப் பாழாய்ப்போன ஃப்ளூதான். பள்ளிக்கூடத்தை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். ஓடைக்கு எதிர்க்கரையில் மோ வீட்டுப் பையனுக்கு நெஞ்சில் சளி இறங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தது அவனுடைய செருப்பும் பையும்தான். அவன் அம்மா போட்ட சத்தம் ஓடையைத் தாண்டி வந்து சூச்சின் காதில் விழுந்தது.

துணைக்கு ஆம்பிளை என்று யாரும் இல்லை. அவள் புருஷனும் புருஷனுடைய அண்ணனும் தொங்குவான் நகரத்துச் செருப்புக் கம்பெனியில் வேலை. நம் பக்கத்து ஆம்பிளைகள் வருஷத்தில் ஒரு தடவை, புத்தாண்டுக்கு வந்து, பன்றிக்கறி தின்றுவிட்டுப் போகிற விருந்தாளிகள்தானே!

சிற்றூர் மருத்துவமனையில் டாக்டர் மெங் என்று ஒரு சின்னப் பெண். தூக்கமே இல்லாமல் கண் சிவந்து கிடந்தாள். "ஃப்ளூ மாத்திரை தீந்துபோச்சு. வண்டி வர இன்னும் ரெண்டு நாளாகும். மூச்சு வாங்கினா உடனே தூக்கிட்டு வாங்க," என்றாள்.

"பொன்வெள்ளிப் பூ கஷாயம் குடுக்கலாமா டாக்டரம்மா? அந்தக் கிருமியை அது சாகடிக்குதாமே. எல்லார் போன்லயும் வந்திருக்கு."

டாக்டர் மெங் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "ஆய்வுக்கூடத்துல கண்ணாடித் தட்டுல வச்சுப் பாத்தா கொஞ்சம் அடக்குதுன்னு நானும் படிச்சிருக்கேன். பிள்ளை உடம்பு கண்ணாடித் தட்டு இல்லையே? கடையில காய வச்சது வாங்கினா ரெண்டு வாய் குடுங்க, பரவாயில்ல. மலையில பறிச்சது மட்டும் வேண்டவே வேண்டாம். குடலறுத்தான் கொடி கலந்திருக்கும். கண்ணு சொக்கும், மூச்சு நிக்கும். என்கிட்ட தூக்கிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

கடையில் வாங்கவா? கடைக்காரன் காலி டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். அவுரி வேர்ப் பொடி இல்லை, பொன்வெள்ளிப் பூ இல்லை, அதிமதுரத்தில் நாலு குச்சி மிச்சம். சூச்சின் அந்த நாலு குச்சியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை சைலியன் வந்தாள். சைலியன் சூச்சினின் ஓரகத்தி, புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி. அடுத்த வீடு. அவள் வாயைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சந்தையில் வாத்து விற்கிறவர்கள் அவளைப் பார்த்தால் பேசாமல் விலையைக் குறைத்துவிடுவார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பன்றிக் கொட்டகையின் சாக்கடை விஷயமாக ஒரு காலத்தில் இரண்டு பேருக்கும் பெரிய ரகளை. அப்போது சைலியன் தெருவில் நின்று கத்தினாள், "உன் வயித்துல பொறந்தது வெளங்காதுடி!" என்று. அந்தப் புத்தாண்டுக்கு ஆம்பிளைகள் வந்து பஞ்சாயத்துப் பண்ணி, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு பன்றிக்குட்டியை வாங்கிக் கட்டினார்கள். ஒரு நாள் இவள் தீனி போட வேண்டும், ஒரு நாள் அவள். அதிலிருந்து பேச்சுவார்த்தை. யாயாவை அவள் மடியில் போட்டுக் கொஞ்சுவதும் உண்டு. ஆனாலும் அந்த ஒரு வாக்கியம் சூச்சின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டு அப்படியேதான் கிடந்தது.

"ஏண்டி, அழுமூஞ்சி! எழுந்து வா வெளிய!" சைலியன் ஒரு மூங்கில் கூடையைத் தரையில் வைத்தாள். கூடை நிறைய அப்போதுதான் பறித்த பூ. "கல்லுடைக்கிற பாறைக்குப் பின்னாடி போனேன். நாலு ஊர்ப் பொம்பளைங்க முன்னாடியே நிக்கிறாளுக. பனி வேற, பக்கத்துல நிக்கிறவ மூஞ்சி தெரியல. இடிச்சுத் தள்ளிட்டு, கைக்கு வந்ததை வளைச்சு வளைச்சுப் பறிச்சேன். பாரு, முழங்கையெல்லாம் கீறல். என் பொண்ணுக்குன்னா சும்மாவா?"

"உனக்கு எதுக்குக்கா இந்தச் சிரமம்..."

"சிரமமாம் சிரமம்! வேக வச்சுக் குடு. கசக்குதுன்னு அழுவா, கற்கண்டு போடு. சாயங்காலம் வந்து பாக்கறேன்."

சூச்சின் கூடையைப் பார்த்தாள். பொன்வெள்ளிப் பூ பூக்கும்போது வெள்ளை, அப்புறம் மஞ்சள், அதனால்தான் அந்தப் பேரே. இதில் வெள்ளையும் இருந்தது, மஞ்சளும் இருந்தது. ஆனால் மஞ்சளில் சிலது கொஞ்சம் அதிகமாகவே மஞ்சளாக, குண்டாக, வாய் அகலமாக இருந்த மாதிரிப் பட்டது. டாக்டர் சொன்ன குடலறுத்தானோ? அவள் பிறந்தது மீன்குட்டைகள் நிறைந்த சமவெளி. மலைக்கொடிகளில் எது எதுவென்று அவளுக்கு எங்கே தெரியும்?

சைலியனைக் கேட்கலாம். அவள் மலை உச்சியில் பிறந்தவள். ஆனால் எப்படிக் கேட்பது? "அக்கா, நீ கொண்டுவந்ததில் விஷம் இருக்கா?" என்று கேட்டால் அவ்வளவுதான், ஊர் இரண்டாகும். அப்படிக் கேட்டுவிட்டு, உண்மையிலேயே பூ நல்ல பூவாக இருந்து, யாயாவுக்கு அதுவும் கிடைக்காமல் போனால்? நினைக்கவே கூடாத ஒன்றையும் அவள் நினைத்தாள். வேண்டுமென்றே செய்திருப்பாளோ? நினைத்த மாத்திரத்தில் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். ஆனால் வந்த நினைப்பு போகவில்லை.

உள்ளே யாயா இருமினாள். அந்த இருமல் பழைய இருமல் இல்லை, அடியில் தண்ணீர் சலசலத்தது. மோ வீட்டுப் பையனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது என்று சொன்னார்கள்.

அப்போதுதான் கொட்டகையில் பன்றி உறுமியது. அவள் ஊரில் காளானோ மீனோ சந்தேகம் என்றால் முதலில் பன்றிக்குத்தான் வைப்பார்கள். பன்றி நின்றால் மனுஷன் சாப்பிடலாம்.

பாதிப் பூவை வேக வைத்து, ஆற வைத்து, தவிட்டில் கலந்து, சக்கையோடு தொட்டியில் ஊற்றினாள். பன்றி மூக்கை உள்ளே விட்டுச் சப்புக்கொட்டிக்கொண்டு குடித்தது. வாலை ஆட்டியது. தொட்டியை நக்கியது. சூச்சின் சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். இப்போது விழும், இப்போது விழும் என்று பார்த்தாள். பன்றி படுத்தது, இவளுக்கு உயிரே போயிற்று. கொஞ்ச நேரம் கழித்து அது எழுந்து, இவள் கையை முகர்ந்து, இன்னும் கொடு என்று கத்தியது. மத்தியானம் தாண்டியும் கல் மாதிரி நின்றது.

சூச்சினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. பனியில் போய், முழங்கை கீறி, அந்த மனுஷி பறித்துக்கொண்டு வந்திருக்கிறாள். சே, நான் என்ன பிறவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மீதிப் பூவை அதிமதுரத்தோடு மண்சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தாள். வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றினாள். சக்கையை எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு முன்னால், எல்லாரும் நடக்கிற பாதை நடுவில் கொட்டினாள். மருந்துச் சக்கையைக் குப்பையில் போடுவார்களா யாராவது? பாதையில் கொட்டினால்தான் போகிறவர் வருகிறவர் காலில் மிதிபட்டு, நோய் வீட்டை விட்டுப் போகும். ஒரு கிழவர் மிதித்துக்கொண்டு போனார். இரண்டு வாத்து போயின. ஒரு ஸ்கூட்டர் ஏறிப் போனது. நல்லது, நன்றாக மிதியுங்கள் என்று சூச்சின் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கிண்ணத்தோடு யாயாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கரண்டியில் எடுத்தாள். பிள்ளையின் உதடு வரைக்கும் கொண்டுபோனாள். அங்கே கை நின்றுவிட்டது.

பன்றி நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணால் பார்த்தாயிற்று. ஆனாலும் கை போகவில்லை. பன்றி நூறு கிலோ, இவள் பஞ்சு மாதிரி இருக்கிறாள் என்று கை சொன்னது. கொடுக்காவிட்டால் மோ வீட்டுப் பையன், கொடுத்தால் என்னவோ என்று மனசு அல்லாடியது. கரண்டியைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டாள். மறுபடி எடுத்தாள். கஷாயம் ஆறிப்போனது.

"இன்னும் குடுக்கலையா நீ?"

சைலியன் வாசலில் நின்றாள். அன்றைக்குப் பன்றித் தீனி அவள் முறை. கை நிறைய வள்ளிக்கிழங்குக் கொடி. அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், சூச்சின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஈயாடவில்லை. சைலியனுக்குப் புரிந்துவிட்டது. கொடியைக் கீழே போட்டாள்.

"ஓகோ. அப்படியா சேதி."

"இல்லக்கா, சூடா இருந்துச்சு, அதான்..."

"பொய் சொல்லாதடி, ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கு. நான் பறிச்சதுன்னு பயமா? சாக்கடைச் சண்டையில எப்பவோ வாய் தவறிச் சொன்னதை இன்னும் முடிஞ்சு வச்சிருக்க. இவளைத் தோள்ல போட்டு வளத்தவ நான். நான் விஷம் வைப்பேனா?" அவள் குரல் கடைசியில் உடைந்தது. சண்டைக்காரி சைலியனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததை சூச்சின் அன்றைக்குத்தான் பார்த்தாள். "குடு இங்க. நானே குடிச்சுக் காட்டறேன்."

சைலியன் கை கிண்ணத்துக்கு வந்தது. சூச்சினின் கை தடுக்கத்தான் எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்றது.

அந்த ஒரு நொடிக்கு அவள் காலமெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வாய் வார்த்தை போதும், "வேண்டாங்க்கா" என்று. அவள் சொல்லவில்லை. குடிக்கட்டும், பார்க்கலாம் என்று அவளுக்குள் ஒன்று சொல்லிற்று. பன்றிக்கு அப்புறம் ஒரு மனுஷி.

சைலியன் கிண்ணத்தை ஒரே மூச்சில் காலி பண்ணி, புறங்கையால் வாயைத் துடைத்தாள். "த்தூ, என்ன கசப்பு! போதுமா? சட்டியில மிச்சம் இருக்கில்ல, அதைப் பிள்ளைக்குக் குடு." கொடியை அள்ளிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏண்டி சூச்சின்! பன்னி மூக்குல பூ ஒட்டியிருக்கு! இதுக்கும் ஃப்ளூவா? இதுக்கும் கஷாயம் போட்டியா?"

சூச்சினும் போய் நின்றாள். பயம் தெளிந்துவிட்ட நேரம் பார்த்து வாயும் தளர்ந்தது. "தப்பா நினைக்காதக்கா. காலையில பன்னிக்குக் குடுத்துப் பாத்தேன். நல்லா சப்புக்கொட்டிக் குடிச்சுது. இன்னும் கேட்டுது. பாரு, எப்படி நிக்குதுன்னு."

சைலியனின் சிரிப்பு அப்படியே நின்றது. கையில் இருந்த கொடி நழுவியது.

"இன்னும் கேட்டுதா?"

"ஆமாக்கா."

"சப்புக்கொட்டிக் குடிச்சுதா?" அவள் பன்றியின் மூக்கிலிருந்து அந்தப் பூவைக் கிள்ளி எடுத்தாள். வெந்து கசங்கியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. "யாராவது பன்னிகிட்டப் போய் இதைக் கேப்பாங்களாடி? குடலறுத்தானைத் தின்னா மனுஷனுக்குத்தான் சாவு. பன்னிக்கு அது சத்து! எங்க மலையில எங்கப்பா வெட்டிட்டு வந்து பன்னிக்குப் போடுவாரு, கொழுக்கட்டும்னு..."

அவள் பேச்சை முடிக்கவில்லை, பாதைக்கு ஓடினாள். மிதிபட்டுக் கிடந்த சக்கையில் மண்டியிட்டு இரண்டு கையாலும் கிளறினாள். தண்டு தண்டாக எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தாள். பொன்வெள்ளிப் பூவின் தண்டில் மெல்லிய ரோமம் இருக்கும், பூ ஜோடி ஜோடியாக இருக்கும். அது இருந்தது. அதோடு சேர்ந்து, வழவழவென்று, கொத்துக் கொத்தாகப் பூவோடு இன்னொரு தண்டும் இருந்தது. பாறைக்குப் பின்னால் இரண்டு கொடியும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கின்றன. பனியில், இடிபாட்டில், வளைத்து வளைத்துப் பறித்த கை இரண்டையும் சேர்த்துப் பறித்திருக்கிறது.

"யாயா குடிச்சாளா?" சைலியன் கேட்டாள். அவள் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"இல்லக்கா! ஒரு சொட்டுக்கூட இல்ல!"

"பொழச்சேன்," என்றாள் சைலியன். அப்புறம்தான் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

சூச்சின் பேட்டரி வண்டியை வெளியே இழுத்தாள், பின்னால் தட்டு வைத்த மூன்று சக்கர வண்டி. யாயாவைப் போர்வையோடு தூக்கிப் பின்னால் உட்கார வைத்தாள், காய்ச்சல் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? சைலியன் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்துக்கொண்டே ஏறினாள். வண்டி கிளம்பியது. பள்ளமும் மேடுமான மலைப்பாதை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஓடை. சூச்சினால் திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் மூன்று பேரும் ஓடையில்தான்.

"அக்கா! பேசிட்டே வா! வாயை மூடாத!"

"என்னை யாரும்... இப்படிச் சொன்னதே இல்லடி." பின்னாலிருந்து குரல் குழறியது. "சூச்சின்... நீ ரெண்டாத் தெரியற. ஒரு ஓரகத்தியையே... என்னால தாங்க முடியல. இப்ப ரெண்டு பேரு."

சூச்சினுக்குச் சிரிப்பு வரவில்லை. முறுக்கிய முறுக்கில் வண்டி கதறியது.

"அம்மா," என்றாள் யாயா, கம்மிப்போன குரலில். "பெரியம்மா கண்ணு தானா மூடிக்குது."

"தட்டு! கன்னத்துல தட்டு! பேசச் சொல்லு!"

"தட்டறேம்மா. பெரியம்மா, பேசுங்க. பெரியம்மா..." கொஞ்ச தூரம் ஒன்றும் கேட்கவில்லை. சக்கரச் சத்தம் மட்டும். "அம்மா, பெரியம்மா தலை என் மடியில விழுந்துடுச்சு. கனமா இருக்கும்மா."

"மூச்சு விடுறாங்களா பாரு! மூக்குல கை வை!"

"வச்சிருக்கேன்."

"விடுறாங்களா?"

"கொஞ்சமா."

அப்புறம் மருத்துவமனை தெரிகிற வரைக்கும் சூச்சின் அதே கேள்வியைத்தான் கேட்டாள். விடுறாங்களா? கொஞ்சமாம்மா. விடுறாங்களா? ரொம்பக் கொஞ்சமாம்மா. அவளுக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள், சமையலறைச் சாமியை, மண் சாமியை, செத்துப்போன மாமனாரை. என் கை ஏன் நின்றது என்ற கேள்வியும் கூடவே ஓடி வந்தது.

டாக்டர் மெங் ஒன்றும் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. வயிற்றைக் கழுவினாள், தொண்டைக்குள் குழாயை இறக்கினாள், குழாயின் நுனியில் ரப்பர் பை ஒன்றை மாட்டினாள். கட்டில் கட்டிலாக ஃப்ளூ நோயாளிகள் இருமிக்கொண்டு கிடந்தார்கள். இருந்த ஒரே நர்ஸை ஆம்புலன்ஸில் அனுப்ப வழியில்லை. டாக்டர் மெங் அந்தப் பையை சூச்சினின் கையில் திணித்தாள்.

"அமுக்குங்க. விடுங்க. மறுபடி அமுக்குங்க. அவங்களா இனி மூச்சு விட மாட்டாங்க. நீங்க நிறுத்தினா நின்னுடும். பெரிய ஆஸ்பத்திரி போய் மெஷின் மாட்டுற வரைக்கும் உங்க கைதான்."

ஆம்புலன்ஸ் மலையை விட்டு இறங்கியது. சூச்சின் அமுக்கினாள், விட்டாள். அமுக்கும்போது சைலியனின் நெஞ்சு எழும்பியது, விடும்போது இறங்கியது. விரல் மரத்தது, தோள் கழன்றுவிடும்போல இருந்தது. நிற்காதே, நிற்காதே, அப்போது நின்ற மாதிரி இப்போது நிற்காதே என்று கையிடம் சொல்லிக்கொண்டே அமுக்கினாள். யாயா ஓரத்தில் போர்வைக்குள் சுருண்டு, பெரியம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சைலியன் பிழைத்தாள். யாயாவும் பிழைத்தாள், பெரிய ஆஸ்பத்திரியில் அந்த ஃப்ளூ மாத்திரை இருந்தது. குழாயை எடுத்த பிறகு சைலியனுக்குத் தொண்டை தகரமாகக் கரகரத்தது. வார்டில் எல்லாரிடமும் சூச்சினைப் பற்றித்தான் பெருமை. "என் ஓரகத்தி கையால மூச்சு விட்டேன்," என்று சொல்லிச் சொல்லி நர்ஸுகளைச் சிரிக்க வைத்தாள். சூச்சின் தலையைக் குனிந்துகொண்டே கஞ்சி ஆற்றுவாள்.

ஒரு சாயங்காலம் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. சூச்சின் கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"ஒண்ணு கேக்கணும்டி உன்னை," என்றாள் சைலியன்.

"கேளுக்கா."

"நான் அந்தக் கிண்ணத்தை எடுத்தப்போ உன் கை முன்னாடி வந்துச்சு. பாதியில நின்னுடுச்சு. நான் பாத்தேன்."

பன்றி நன்றாக இருந்ததே, அதனால்தான் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணுக்கு முன்னால் அது செல்லாது.

"பன்னி போதலையா உனக்கு?" என்றாள் சைலியன்.

சத்தமில்லை, வசவில்லை. ஊரையே கூட்டுகிற அந்த வாய் இவ்வளவு மெதுவாகப் பேசியதுதான் சூச்சினை நடுங்க வைத்தது. சைலியன் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கவில்லை. விரலால் சூச்சின் பக்கமே தள்ளினாள்.

"முதல்ல நீ ஒரு வாய் குடி."

சூச்சின் குடித்தாள். அப்புறம்தான் சைலியன் வாங்கிக் குடித்தாள்.

புத்தாண்டுக்கு ஆம்பிளைகள் வந்தார்கள். பொதுப் பன்றியை அறுத்தார்கள். நல்ல கொழுப்பு என்று ஊரே புகழ்ந்தது. இரண்டு குடும்பமும் ஒரே மேஜையில் உட்கார்ந்தது. சூச்சின் எல்லாருக்கும் எலும்புச் சாறு ஊற்றினாள். சைலியன் கொழுந்தனை ஏதோ கேலி பண்ணிச் சிரித்துக்கொண்டே, தன் கிண்ணத்தை சூச்சின் பக்கம் தள்ளினாள். சூச்சின் ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பத் தள்ளினாள். ஆம்பிளைகள் யாரும் கவனிக்கவில்லை.

யாயா கவனித்தாள். "பெரியம்மா, உங்க சாறை எதுக்கு அம்மா குடிக்கிறாங்க?"

"சூடு பாக்கறாடி உங்கம்மா," என்றாள் சைலியன்.

யாயா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் கிண்ணத்தையும் இரண்டு கையாலும் அம்மா பக்கம் தள்ளினாள்.

"எனக்கும் பாரும்மா."